எறிவதற்கு ஒதுக்கிய பழம்

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதுவது.

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு இடுப்பு வலி முன்பைவிடத் தேவலை. உட்கார்ந்தால்தான் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் நின்றபடியே எல்லா வேலையும் பார்க்கிறாள். அடுக்களைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன் பேசினால் பக்கத்திலேயே அம்மா நிற்பாள். தவிர, போனைக் காதில் வைத்ததும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா?

நீ அனுப்பிய படத்தை அம்மா வேலை நேரத்திலேயே தக்காளி மண்டியில் தராசுக்காரரிலிருந்து டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் காட்டிவிட்டாள். போன வருடம் உங்கள் கல்லூரியில் தக்காளி எறிந்து விளையாடிய விழாவில் தலையெல்லாம் தக்காளியாக நீ சிரிக்கிறாய். உன் அறைத்தோழி உன் கன்னத்தில் ஒரு பழத்தைத் தேய்க்கிறாள். நான் நெடுநேரம் பார்த்தது உன்னை இல்லை, அந்தக் கையை. அவளை நீ ‘குட்டி’ என்று கூப்பிடுகிறாயாம். என்னைத்தானே அப்படிக் கூப்பிடுவாய்? உனக்கு எத்தனை குட்டி வேண்டும்?

ஜனங்கள் பசியோடு இருக்கிற நாட்டில் சாப்பிடுகிற பொருளை எறிந்து விளையாடலாமா என்று விடுதிக் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள் என்றும், மண்டியில் கழித்துப் போட்ட பழம்தானே, யாருமே சாப்பிடாததை எறிந்தால் என்ன வீண் என்று நீ எழுந்து பேசியதும் எல்லோரும் கைதட்டினார்கள் என்றும் எழுதியிருந்தாய். நானாக இருந்தால் நாற்காலிக்கு அடியில் போயிருப்பேன். ஆனால் அக்கா, நம் வீட்டில் இத்தனை காலம் எந்தப் பழத்தில் சமைத்தார்கள் என்று நினைத்தாய்? நீ எழுந்திருப்பதற்குள் அம்மா கெட்ட பக்கத்தை அரிந்து எறிந்துவிடுவாள். அதனால் உன் கண்ணில் பட்டதில்லை. மாலையானால் மண்டியின் பின்வாசலில் கூடையோடு நிற்கிற பெண்களும் அந்தப் பழத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

இந்த வருட விழாவுக்குப் பத்துப் பெட்டி கழிவுப் பழம் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிவிடச் சொல்லியிருந்தாய். கேட்கத்தான் போனேன். மேஸ்திரியின் மேஜை ஓரமாக வாய் திறக்காமல் நான் நின்ற நிற்பைப் பார்த்து, வயிற்றுவலி போலிருக்கிறது என்று அவர் எனக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் அம்மா கேட்டாள். உடனே சரி என்றுவிட்டார்.

உட்கார்ந்தால் எழ முடியாத அம்மா, கழிவுக் குவியலருகே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். லேசாக நசுங்கியது, ஒரு புள்ளி மட்டும் விழுந்தது என்று நல்லதாகப் பார்த்துப் பார்த்து உன் பெட்டிகளில் அடுக்கினாள். எறியத்தானே அம்மா என்று கேட்டேன். நிமிராமலே சொன்னாள்: “அழுகினத எறிஞ்சா புள்ளைக்குக் கை நாறும்டி. நமக்கு மிச்சம் கெடக்கறது போதும்.”

நான் மண்டி வேலைக்கு வந்ததிலிருந்து என் கை மூன்று வருடமாக நாறுகிறது. சோப்புக்கும் போவதில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நேற்று அம்மா டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசலில் கவிழ்த்துவிட்டேன். அங்கே நின்ற ஒரு அம்மாள் என் முகவாயைத் தொட்டு, “நீ நல்லா இருக்கணும்மா” என்றார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள் பசியை நினைத்து நான் கொடுக்கவில்லை அக்கா. அம்மா பொறுக்கிய பழம் உன் தோழியின் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். எது வீண், எது வீணில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறீர்களே, பொறாமையில் கொடுத்ததை எதில் சேர்ப்பீர்கள்? நீதான் படித்தவள், சொல்.

யாரோ தெரியாமல் கொட்டிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் யாரையும் திட்டவில்லை. இன்று காலையில் மறுபடியும் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுவாள். விழாவுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விடுமுறைக்குத் தோழி வீட்டுக்குப் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். என் மேல் கோபம் வந்தால் அதைக் கடிதத்தில் எழுதாதே, போனிலும் சொல்லாதே. நேரில் வந்து திட்டு. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். எத்தனை நாள் திட்ட வேண்டுமோ, அத்தனை நாளும் இங்கேயே இருந்து திட்டு.

இப்படிக்கு,
உன்னுடன் பிறந்தவள்