மாங்கொட்டை

ரென்மார்க்,
மார்ச் கடைசி வாரம்.

அன்பு மகள் ஃபோதினிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பிரிஸ்பேனில் நீயும் குழந்தையும் சுகமாக இருப்பது அறிந்து மனம் ஆறியது. இங்கே நாங்கள் இருக்கிறோம். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். அதனால் பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துவிடு.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழத்தைத் துளைத்து முட்டையிடும் அந்தப் பழ ஈ முதலில் அகப்பட்டது நம்முடைய பீச் மரங்களில்தான். கண்டுபிடித்ததும் உன் அப்பாதான். கனிந்த பழம் ஒன்றைப் பிட்டபோது உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. மறைத்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து லூபோவாக இருந்தால் மறைத்திருப்பான். இவர் அந்தப் பழத்தை டப்பாவில் போட்டு மூடி, தானே கொண்டுபோய் அதிகாரிகளிடம் கொடுத்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒரு பழம்கூட வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. பிஞ்சு, காய், பழம் அத்தனையையும் உதிர்த்துக் குழி தோண்டிப் புதைத்தோம். லூபோவின் மரங்களுக்கும் அதே கதிதான். அவன் வேலியோரம் வந்து, "உன் வீட்டுப் புழு என் சோத்துல விழுந்துடுச்சேடா ஸ்தேர்யோஸ், நீ நல்லா இருப்பியா!" என்று கத்தினான். அவன் மனைவி தேவாலயத்தில் எங்களைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறாள். மற்றவர்களும் அப்படித்தான்.

கல்தாக்கைப் பற்றித்தான் நீ அதிகம் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

வருஷா வருஷம் வனுவாட்டுத் தீவிலிருந்து நம்மிடம் பழம் பறிக்க வருகிறவன். நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் திரிந்தானே, அவன்தான் அகப்பட்டான். அவன் தங்கியிருந்த தகர அறைக்குப் பின்னால் காய்ந்த மாங்கொட்டை ஒன்று கிடந்ததை அப்பா பார்த்துவிட்டார். "உங்க ஊர்லேருந்து மாம்பழத்த ஒளிச்சுக் கொண்டாந்தியா? புழு இதுலதான் வந்துச்சா? சொல்லுடா!" என்று சட்டையைப் பிடித்தார். அவன், "இல்ல முதலாளி, ஃபோதினி அக்கா குடுத்தாங்க. அம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க" என்றான். அப்பா ஓங்கி அறைந்தார். "சோறு போட்ட வீட்டுப் பொண்ணு மேலயே பழி போடுறியா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "அஸ்பசியா, நீயே சொல்லு. நம்ம பொண்ணு மாம்பழம் கொண்டு வந்தாளா?" என்று கேட்டார்.

கல்தாக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பி நின்றான்.

இல்லை என்றேன்.

வேறென்ன சொல்வேன்? பழ ஈ பரவாதிருக்க மாநில எல்லையில் பழத்தைப் போட்டுவிட்டு வரச் சொல்லும் தொட்டியைத் தாண்டி, உன் வீட்டு மரத்தில் காய்த்த மாம்பழத்தை அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கொண்டு வந்தாய் என்றா? அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இருவரும் தின்றோம், ஒன்றை நீ கல்தாக்குக்குக் கொடுத்தாய், அழுகியதை நான்தான் பீச் மரத்தடியில் எறிந்தேன் என்றா?

அன்று மாலையே, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவனைத் திருப்பி அனுப்ப வேனோடு வந்தான். இனி இந்த நாட்டில் கல்தாக்குக்கு வேலை கிடைக்காதாம். ஊரில் புயலில் கூரை போன வீட்டைப் பாதி கட்டி வைத்திருந்தான். வேனில் ஏறும்போது, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டான். "நேரமாச்சு, ஏறு" என்றேன்.

பழம் வாங்கும் கம்பெனி அடுத்த வருஷமும் நம் பழம் வேண்டாம் என்றுவிட்டது. அப்பா புல்டோசரை வரவழைத்து பீச் மரங்களை வேரோடு தள்ளச் சொன்னார். அவர் கையால் ஒட்டுக் கட்டிய மரங்கள். குவித்து எரித்தபோது புகை வீட்டுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்த விடவில்லை.

இப்போதெல்லாம் அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வாசலுக்கு யார் வந்தாலும், தபால்காரனாக இருந்தாலும், ஒன்றை மட்டும் சொல்கிறார்: "எம் பொண்ணு பாதி கடிச்ச ஆப்பிளக்கூட எல்லையில போட்டுட்டு வர்றவ. அப்படி வளத்தேன்." சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிகிறது.

ஈஸ்டருக்கு வந்து அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்கிறாய். மனசு பாரமாக இருக்கிறது என்கிறாய். இருக்கட்டும், சுமந்துகொள். அவருக்கு மரம் போயிற்று, ஊர் போயிற்று. மிச்சம் நீ ஒருத்திதான். உன் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அதையும் அவரிடமிருந்து பிடுங்காதே.

கல்தாக்கின் முகவரி கேட்டிருந்தாய். என்னிடம் இல்லை. அவன் மனைவி போன் செய்தாள், பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு வா. பண்டிகை வழக்கப்படி முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டு வைக்கிறேன். அப்பா உன்னைப் பெருமையாக நாலு பேர் முன்னால் நிறுத்துவார். சிரித்துக்கொண்டு நில்.

தேவமாதா உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். உன் நாக்கையும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அஸ்பசியா