ஊற்றில் ஒரு பாட்டில் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுமித்ராவின் வணக்கம். அம்மாவின் கால்வலி தேவலையா? நான் நலம்.

மழைக்குப் பிறகு நம் மலையிலிருந்து ஹாஸ்டல் பக்கம் வரும் ஓடை சிவப்பாகக் கலங்கி ஓடுகிறது. "உங்க ஊட்டு மேடுதான்டி சரிஞ்சு வருது" என்று அறைத்தோழி ஷாஹிஸ்தா கேலி செய்தாள். "மண்ணு இல்ல கண்ணு, நிலத்தடித் தண்ணியில இருக்குற இரும்பு. ஊத்துல தெளிவா வரும், காத்துப் பட்டாத் துருவாகி ஓடையில கலங்கும்" என்றார் டீச்சர். இங்குள்ள ஊற்றில் பிடித்து வைத்த தண்ணீர் மாலைக்குள் சிவந்துவிட்டது. ஷாஹிஸ்தாவின் கேலிக்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு சோறு ருசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இரும்புதான், அங்கே என்னவென்று தெரியவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஊற்றில் ஒரு பாட்டில் பிடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். ஊற்றில் தெளிவாக வந்தால் பயமில்லை, வழியில் சிவந்தாலும் அது இரும்புதான். பிடிக்கும்போதே கலங்கி வந்தால் அது மண். பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவோடு உடனே இறங்கி வந்துவிடுங்கள்.

வார்டன் வருகிறார், டார்ச்சை அணைக்கிறேன்.

சுமித்ரா