பெஞ்சில் என் பக்கத்து இடம்

அன்புள்ள அம்மாவுக்கு, எஃப்ரைன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? லாரேடோவில் வெயில் ஏறியிருக்கும். நெப்ராஸ்காவில் ஏப்ரலிலும் பனி விழுகிறது. பள்ளியில் ஆடும்போது ஒடிந்த முழங்கை நன்றாகவே மடங்குகிறது. சுண்டுவிரல் மட்டும் மரத்துத்தான் கிடக்கிறது. டாக்டர் அன்றே சொன்னதுதான், கவலைப்பட வேண்டாம்.

சனிக்கிழமை கல்லூரி பேஸ்பால் அணிக்கு முதல் தடவையாகப் பந்து வீசினேன். ஒன்பது இன்னிங்ஸில் ஆறு முடியும்வரை எதிரணியில் ஒருவனும் உருப்படியாக அடிக்கவில்லை. அப்படி ஒருவன் வீசிக்கொண்டிருந்தால் சொந்த அணிக்காரர்கள் அவனோடு பேச மாட்டார்கள், பெஞ்சில் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். பேசினால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். எனக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் அன்று நினைவுக்கே வரவில்லை.

ஏழாவதில் ஒருவன் ஓங்கி அடித்துவிட்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் வீசும் பந்தைப் பிடிக்கும் எங்கள் கேட்சர் டூலி ஓடிவந்து தோளில் தட்டினான்.

"அப்பாடா, இப்பதான்டா வாயத் தொறக்க முடியுது. இவ்ளோ நேரம் தனியா உக்காந்து நொந்து போயிருப்பியே?"

"இல்லடா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

நீலக் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். மிளகாய்த்தூள் போட்ட புளி மிட்டாயும் ஒரு பை வேண்டும், பெரிய பையாக. நான் அவ்வளவு தின்ன மாட்டேன். பெஞ்சில் நீட்டினால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

அணி பஸ்ஸில் ஹாரன் அடிக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
எஃப்ரைன்