பினாங்கு வீடும் ஒரு ரூபாய் நோட்டும்

பாய்,

இன்று காலை வங்கியில் ஒரு கூத்து நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பினாங்கு வீட்டை விற்ற பணம் வந்துவிட்டது, நேரில் வந்து கையெழுத்துப் போடவும் என்று தபால் வந்திருந்தது. போனேன். நான்கு படிவம், நான்கிலும் கையெழுத்து. வீடு யார் பேரில் இருந்தது, வெள்ளிக்கு எத்தனை ரூபாய் விலை போட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சரிபார்த்த குமாஸ்தா, கடைசியில் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்த வீட்டை வாங்கும்போது பணம் இங்கிருந்து எப்படிம்மா போச்சு? யார் மூலமா அனுப்பினீங்க? பேர் சொல்லுங்க."

நான் திருதிருவென்று விழித்தேன். பத்திரத்தைத் தேடுகிற பாவனையில் பைக்குள் கையை விட்டேன். பத்திரத்தோடு அந்த நீலத் துணியும் வந்து மேஜைமேல் விழுந்தது. முடிச்சு தளர்ந்து, ராஜா தலை போட்ட ஒரு ரூபாய் நோட்டு எட்டிப் பார்த்தது. அவர் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "குறுக்கால இங்க்ல கோடு போட்டிருக்கே. கடையில வாங்க மாட்டான். குடுங்க, வேற நோட்டு மாத்தித் தரேன்."

"தொடாதீங்க!" என்று வெடுக்கென்று பிடுங்கினேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன?

போர் முடிந்த பிறகு என் வீட்டுக்காரரிடமிருந்து வந்த முதல் கடிதம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் அவரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே துறைமுகத்தில் சேர்ந்து மூட்டை ஏற்றியவர்கள். அவர் பினாங்குக்குக் கப்பலேறினார். நீங்கள் வண்ணாரப்பேட்டைக் கைலிக் கிடங்கில் சிப்பம் கட்டப் போனீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் அவரைப் பற்றித் தகவலே இல்லை. ராயபுரத்தில் பாதிப் பேர் எனக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நான் செருப்புக்கூடப் போடாமல் உங்கள் கிடங்குக்கு ஓடி வந்து, சிப்பங்களுக்கு நடுவே நின்று வாசித்துக் காட்டினேன். நீங்கள் ஒரு கைலி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதீர்கள். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, உயிரோடு இருக்கிறவர் இத்தனை நாள் எழுதாமல் இருந்தாரே என்று.

அடுத்த கடிதத்தில் கெட்ட செய்தி. துறைமுகத்தில் பெட்டி விழுந்து அவர் கால் நசுங்கிவிட்டது. இனிமேல் சுமை வேலை கிடையாது. அவர் குடியிருக்கும் மரவீட்டின் சொந்தக்காரர், ஒரு சீனாக்காரர், அதை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறார். விலை அறுநூறு வெள்ளி. அங்கே டாலரை வெள்ளி என்பார்கள். 'நான் சேர்த்ததெல்லாம் ஜப்பான் நோட்டு, இப்போது பீடி சுற்றத்தான் ஆகும். இந்த வீடு கைக்கு வந்தால் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு உட்கார்ந்த இடத்தில் சாப்பிடலாம், உன்னையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். செப்டம்பர் பத்தாம் தேதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் நான் தெருவில்தான்' என்று எழுதியிருந்தார்.

என் சங்கிலி, கம்மல், என் அப்பா விட்டுப்போன கட்டுமரப் பங்கு எல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைந்தது. அனுப்பும் வழிதான் தெரியவில்லை. வங்கியில் கேட்டேன். அங்கே அவருக்குக் கணக்கு உண்டா, வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். வீட்டையே வாங்காதவர் பத்திரத்துக்கு எங்கே போவார்? அப்போதுதான் நீங்கள் என்னை மண்ணடி முதலாளியிடம் கூட்டிப்போனீர்கள்.

இங்கே அவரிடம் ரூபாய் கட்ட வேண்டும். பினாங்கில் அவருடைய ஆள் வெள்ளியாகக் கொடுப்பார். கடுதாசி கிடையாது, கையெழுத்து கிடையாது. முதலாளி தன் கல்லாவிலிருந்து ஒரு ஒற்றை ரூபாய் நோட்டை எடுத்து, அதன் நம்பரைத் தந்தியில் பினாங்குக்குச் சொல்லிவிட்டு, நோட்டை என் கையில் கொடுப்பார். அந்த நோட்டை யார் கொண்டுபோய்க் காட்டுகிறாரோ அவருக்குப் பணம். அவ்வளவுதான் ஏற்பாடு. நூறு வெள்ளிக்கு நூற்றறுபது ரூபாய் கேட்டார். நீங்கள் விடவில்லை. "ஊர்ல நூத்தம்பத்தாறு ஓடிக்கினு கீது முதலாளி. ஏழைப் பொம்பளைகிட்ட நாலு ரூபா ஏத்துனா, அங்க அந்தாளு வூட்டுக்குக் கதவில்லாம பூடும்" என்றீர்கள். முதலாளி சிரித்துவிட்டார். நூற்றைம்பத்தாறுக்கே முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டிப் போகும் காசை வெறுங்கையில் கொடுக்க மாட்டோம். துணியில் முடிந்து, ஒரு செபம் சொல்லித்தான் கொடுப்போம். பழைய நீலச் சேலையைக் கிழித்து அந்த நோட்டை முடிந்தேன். அதே சேலையில் இன்னொரு துண்டு கிழித்து இன்னொரு ரூபாயையும் முடிந்தேன். அது வேளாங்கண்ணி மாதாவுக்கு, அவர் கால் ஆறவேண்டும் என்று. எதிர்வீட்டு ஞானம் அக்கா நாலைந்து பேரோடு கால்நடையாகத் திருவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அதே நாள்தான் நம் தெருக் கப்பல் சமையற்காரரும் பினாங்குக்கு ஏறினார். காணிக்கை முடிச்சை அவளிடமும் மற்றதை அவரிடமும் கொடுத்தனுப்ப ஏற்பாடு.

நீங்கள் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இன்னா தங்கச்சி, ரெண்டும் ஒரே மாரி கீதே. கொழப்பிக்கப் போற."

"அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகல" என்றேன்.

கெட்டுத்தான் போயிருந்தது. ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. காட்டிய நோட்டின் நம்பரைக் குறிப்பிட்டு, அது பொருந்தவில்லை, பணம் தர மறுக்கிறார்கள் என்று. காணிக்கை ரூபாய் பினாங்குக்குப் போய்விட்டது. அறுநூறு வெள்ளிக்குரிய நோட்டு ஞானம் அக்காவின் இடுப்பில் வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தது.

முதலாளியிடம் ஓடினோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். "உங்க வீட்டுக்காரர் கையில் இருக்கிற நோட்டு நம்பருக்கே கொடுக்கச் சொல்லி நான் இப்பவே தந்தி அடிக்கலாம். ஆனா முதல் நோட்டு வெளியே இருக்கே. நாளைக்கு அதை எவனாவது கொண்டுவந்து நீட்டினா, அவனுக்கும் கொடுத்தாகணும். அது எங்க வாக்கு. அந்த நோட்டு என் மேஜைக்கு வரட்டும், மறு நிமிஷம் தந்தி போகும்" என்றார். அவரைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்று இருந்தது. திட்டுவதற்கு அவரிடம் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றமெல்லாம் என்னிடம்தான் இருந்தது. படியிறங்கி வந்து நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பீடியைப் பற்றவைத்து, விரல்விட்டு நாள் எண்ணினீர்கள். "ஒம்போது நாளா நடந்துக்கினு கீறாங்கோ. தரங்கம்பாடியாண்ட வந்திருப்பாங்கோ. நான் ரயில்ல பூட்டு வந்துர்றேன். நீ வூட்ல கஞ்சி குடிச்சிட்டுப் படு. பேஜாரு பண்ணிக்காத" என்று சொல்லிவிட்டு எழும்பூருக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பாதி சொன்னீர்கள், மீதியை ஞானம் அக்கா சொன்னாள். மாயவரத்தில் வண்டி மாறி, தரங்கம்பாடிச் சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் பாதி நாள் உட்கார்ந்திருந்தீர்களாம். அவர்கள் வந்ததும் விஷயத்தைச் சொல்லி முடிச்சைக் கேட்டிருக்கிறீர்கள். ஞானம் அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "இன்னா பாய் வெளையாட்றியா? மாதாவுக்குன்னு சொல்லி என் கையில குடுத்த முடிச்சு. மாதா காலாண்ட வெச்சப்புறந்தான் அவுப்பேன். நடுரோட்ல அவுத்தா அந்தப் பாவம் யாரு தலையில?"

அதில் இருப்பது காணிக்கையே இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? துணிக்குள் எந்த நோட்டு இருந்தாலும், நேர்ந்து கொடுத்தது கொடுத்ததுதான் என்பது அவள் கட்சி. வேறு ஆளாக இருந்தால் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பான். போலீஸைக் கூப்பிட்டிருப்பான். நான் இருந்திருந்தால் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன், சத்தியமாக.

நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். "சரி ஞானம்மா. மாதா காலாண்டயே வெச்சுக்கலாம். நட."

இரண்டு நாள் நடை. காரைக்கால் தாண்டி, நாகூர் தாண்டி. நாகூரில் நீங்கள் தர்காவுக்குள் போய் பாத்திஹா ஓதிவிட்டு வரும்வரை அவர்கள் வெளியே உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாகப்பட்டினத்துக்குப் பிறகு மணலில் உங்கள் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. ஞானம் அக்கா தன் மருந்தெண்ணெயைக் கொடுத்தாள். "கையில வெச்சுக்கினு கீற செருப்ப எடுத்து மாட்டிக்கயேன் பாய், உனக்கு இன்னா வேண்டுதலா?" என்று அவள் கேட்டதற்கு, "நீங்கல்லாம் வெறுங்கால்ல நடக்கறப்ப நான் மட்டும் தொரை மாரி செருப்புல நடந்தா நல்லாவா இருக்கும்?" என்றீர்களாம்.

வேளாங்கண்ணியில் பீடத்தின் முன்னால் அவள் முடிச்சை வைத்து, செபம் சொல்லி, பிறகுதான் அவிழ்த்தாள். நோட்டை எடுத்து உங்களிடம் கொடுத்தாள். வெறும் துணியைக் காட்டி, "இப்ப இதுக்கு?" என்று கேட்டாள். நீங்கள் உங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து வைத்தீர்கள். உண்டியலில் போடுமுன் யார் பேரில் என்று அவள் கேட்டாள். "ராயபுரம் சவரிமுத்து. கால் நல்லாவணும்" என்று சத்தமாகச் சொன்னீர்கள். தலையில் தொப்பியோடு நின்று ஒருவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு, வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள் என்றாள் ஞானம் அக்கா.

மறுநாள் காலை நோட்டு முதலாளியின் மேஜைக்கு வந்தது. அவர் அதன் குறுக்கே மசியால் கோடு இழுத்து உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் எதிரிலேயே தந்திக்கு ஆள் அனுப்பினார். மாதாவுக்கென்று நான் முடிந்த ரூபாயைக் காட்டித்தான் என் வீட்டுக்காரர் அங்கே அறுநூறு வெள்ளியை எண்ணி வாங்கினார். தவணைக்கு இரண்டு நாள் மிச்சமிருந்தது.

கோடு போட்ட நோட்டை நீங்கள் என்னிடம் கொடுத்தபோது, அதே நீலச் சேலையில் இன்னொரு துண்டு கிழித்து அதை முடிந்து வைத்துவிட்டு, நான் உங்கள் ஒரு ரூபாயைத் திருப்பித் தர வந்தேன். நீங்கள் கையை உதறினீர்கள். "அது எனக்கும் மாதாவுக்கும் நடுவுல நடந்த கொடுக்கல் வாங்கல். நீ எதுக்கு நடுவுல பூர்ற?" ரயில் செலவு, நாலு நாள் கூலி, எதையும் வாங்கவில்லை. கிடங்கில் ஒரு வாரம் நொண்டிக்கொண்டே சிப்பம் கட்டினீர்கள். அந்த நடையைப் பார்த்து நான் உள்ளுக்குள் எவ்வளவு வெட்கப்பட்டேன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வீட்டில் நாங்கள் பத்து வருஷம் இருந்தோம் பாய். மரப்படி ஏறினால் கிறீச்சென்று சத்தம் கேட்கும். அவர் கால் முழுசாக ஆறவில்லை. ஆனால் வாடகை வந்தது, பிள்ளை படித்தான். அவர் கண்ணை மூடியது சொந்தக் கூரையின் கீழே. நீங்கள் இறந்துபோன செய்தி அதற்கு முந்தின வருஷம் கடிதத்தில் வந்தது. அன்றைக்கு அவர் வாசல்படியில் உட்கார்ந்து இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எங்கள் இருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

குமாஸ்தா கேட்ட கேள்விக்கு நான் ஏன் விழித்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். 'யார் மூலமா, பேர் சொல்லுங்க' என்றார். எனக்கு உங்கள் பேர் தெரியவில்லை. எனக்கு நீங்கள் பாய். அவருக்கு நீங்கள் தோஸ்து. கடிதத்தில்கூட 'பாய்க்கு சலாம்' என்றுதான் எழுதுவோம். என் வீட்டுக்காரர் பேரை மாதா முன்னால் உரக்கச் சொன்னவருடைய பேரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வங்கி வாசலில் நின்று, வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேராக வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். உங்கள் வீட்டம்மா என்னைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். பேரைக் கேட்டேன். புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் உங்கள் மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். நீளமான பேர். இப்போது நான் இருக்கும் காசிமேடு வரும்வரை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன்.

வருகிற திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகிறேன். போகிற வழியில் நாகூரில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு ரூபாயைத் துணியில் முடிந்து தர்காவில் போடப்போகிறேன். யார் பேரில் என்று எவரும் கேட்காவிட்டாலும் உங்கள் முழுப் பேரையும் தப்பில்லாமல், உரக்கச் சொல்வேன். கோடு போட்ட நோட்டை மட்டும் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறேன். என் புத்தி எனக்குத் தெரியும் பாய். இந்தத் தடவை ஒரே ஒரு முடிச்சுதான் எடுத்துப் போவேன்.