உன் குரல் இருந்த கேசட்

பம்பாய், 12.8.1987

அன்பு ஏசம்மாளுக்கு, ஆண்டவர் கிருபையால் நான் கல்லுப்போல இருக்கிறேன். ராஜபாளையத்தில் உன் மூட்டுவலி தேவலையா?

எங்கள் கம்பெனி லண்டன் கம்ப்யூட்டரைப் பார்த்து அச்சு அசலாக ஒன்று செய்திருக்கிறது. லண்டன்காரனே வந்தாலும் தன்னுடையது எது என்று முழிப்பான். அதில் பாதி என் யோசனை.

நேற்று ஒரு பள்ளிக்கூடத்தார் பார்க்க வருவதாக இருந்தது. காலை முழுக்க அடித்த கணக்குப்பாடம் மெஷினுக்குள் இருந்தது. பாட்டுக் கேசட்டில்தான் இந்த மெஷின் எதையும் பதிந்து வைக்கும்; பதியாமல் கரண்ட் போனால் அம்புட்டும் அழிந்துவிடும். விளக்கு வேறு மினுக்கியது. நம்மூர் முதலாளி தாமோதர், "ஏலே பென்சன், ஏதாவது கேசட் கொண்டாலே. இல்லாட்டி செண்பகத்தோப்புல ரெண்டு பேரும் ஆடு மேய்ப்போம்" என்றார். கொடுத்தேன். பதிந்து முடித்தோம், கரண்ட் போனது. கரண்ட் திரும்பிய பொறவு, வந்தவர்கள் கேசட்டிலிருந்து ஏற்றிய பாடத்தைப் பார்த்துவிட்டு இருபது மெஷின் கேட்டார்கள். இனி இங்கே முதலாளிக்கு அடுத்து நான்தான்.

கொடுத்தது நீ பேசி அனுப்பிய கேசட். இப்போது போட்டால் கீச்சென்று மெஷின் சத்தம்தான் வருகிறது. நீ பேசியது எனக்கு மனப்பாடம், அதனால் கவலையில்லை. ஆனாலும் இங்கிருந்து லீவுக்கு ஊருக்கு வரும் அலெக்ஸிடம் புதிதாக ஒன்று பேசிக் கொடுத்துவிடு. விஷயம் தீர்ந்தால் என்னைத் திட்டு, இரண்டு பக்கமும் நிறையட்டும். பேசி முடித்ததும் கேசட் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடு. உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது, முதலாளியே கேட்டாலும்.

அவர் கூப்பிடுகிறார், போறேன்.

உன் பென்சன்