செவ்வரளி களைந்த தோட்டம்

மேகம் தங்காவிடினும் வெண்குடை நிழல் தங்கும் புன்னைக்கோட்டு நாட்டின் வேந்தர், பகைவரின் முதுகை மட்டுமே கண்டறிந்தவர், குளிர்மலை மாளிகையில் கோடை கழிக்கும் எழிற்குரிசில் மாமன்னரின் திருமுன்பு, தலைநகர் மாடவாயிலிலிருந்து அமைச்சன் நெடும்பூதன் விடுக்கும் ஓலை. மன்னரின் கோல் நீடுக. மலைச்சாரல் மன்னரின் உறக்கத்தைக் குளிர்விப்பதாக. இங்கே எங்களைக் குளிர்விக்க ஒன்றுமில்லை.

முடிசூட்டின் ஆண்டு விழாவுக்குள் அரண்மனைத் தோட்டம் பல நிறமும் பொலிய வேண்டும் என்றும், கண்ணுக்கு ஒவ்வாத செடி எதுவாயினும் களைக என்றும், நடுவன எவை என்று நெடும்பூதனே தேர்க என்றும், அத்தேர்வை யாமும் வினவோம் என்றும் தேவரீர் அருளிய கட்டளை வந்தது. அது நிறைவேறியது.

கீழை வரப்பில் ஆவிரை நட்டேன். புறம்போக்கில் கிடக்கும் செடி என்று தோட்டத்தார் முகம் சுளித்தனர். ஆனால் மஞ்சளுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை, தண்ணீரும் கேளாது. மதிலில் நீலத்துக்குச் சங்குப்பூக் கொடி ஏற்றினேன். மேற்கே வெண்மைக்கு நந்தியாவட்டை. சிவப்பு மன்னருக்கு உகந்த நிறம் என்பதால் வாயிலின் இருபுறமும் வெட்சி வைத்தேன். வெட்சிக்கு மட்டும் அரண்மனை மகளிர் முகம் கழுவிய நீர் போகிறது. இத்தோட்டத்துக்கு ஏரித் தண்ணீர் ஒரு குடமும் வேண்டாம்.

அந்தத் தண்ணீரால் வந்ததே மற்றச் செய்தி. பெருங்கண் ஏரியின் கடைசி நீரைத் தோட்டத்துக்கென்று தேவரீர் நிறுத்திவைத்தீர். மடைக்காவலன் வயிரன் அதைக் கதிர் பிடிக்கும் வயல்களுக்குத் திறந்துவிட்டான். மன்றத்தார் வினவியபோது, செடி வாடினால் அரசருக்குக் கண் வலிக்கும், நெல் வாடினால் ஊருக்கு வயிறு வலிக்கும், நான் வயிற்றுப் பக்கத்துக்காரன், தலையை எடுப்பதானால் காலையிலேயே எடுத்துவிடுங்கள், வெயிலில் நிறுத்திவைக்காதீர்கள் என்று அவன் விடை கூறினான். அவனை விழாவுக்கு மறுநாள் கொலைக்களம் சேர்க்கத் தேவரீர் ஆணையிட்டீர்.

கொலைக்களம் செல்பவன் அரசர் தோட்டத்துச் செவ்வரளி மாலை சூடியே செல்லவேண்டும், அன்றேல் அப்பழி அரசரின் தலைமேல் விழும் என்பது தேவரீரின் பாட்டனார் வகுத்த முறை. முடிசூடிய நாளில் அம்முறையைக் காப்பதாகத் தேவரீரும் வாளைத் தொட்டு ஆணை மொழிந்தீர். தோட்டம் நிறம் மங்கிவிட்டது என்று தேவரீர் குறை கூறியதும் அரளியைக் கண்டுதான். வெயில் அதை மங்கச் செய்யவில்லை. ஓயாமல் மாலைக்குப் பறித்தால் எந்தச் செடி சிவந்து நிற்கும்? மாலை தொடுக்கும் சாத்தி என்பவள், கல்யாண மாலை கட்டி எவ்வளவோ நாளாயிற்று ஐயா, இப்போது ஆளின் முகத்துக்கு முன் கழுத்துத்தான் என் கண்ணில் படுகிறது என்று என்னிடம் கூறினாள்.

ஆகவே கண்ணுக்கு ஒவ்வாதது எது என்று தேர்வதில் எனக்கு வருத்தமிருக்கவில்லை. செவ்வரளியை வேரோடு களைந்தேன். எரித்தால் புகையும் நஞ்சு என்பதால் ஆழக் குழிவெட்டிப் புதைத்தோம்.

அனைத்தையும் களைந்தால் தேவரீர் முறையையே களைந்துவிடுவீர் என்று அறிவேன். அதனால் தேவரீரின் சாளரத்துக்கு நேரே ஒரு செடியை விட்டுவைத்தேன். அதிலுள்ள பூ ஒரு மாலைக்குக் காணும், இரண்டுக்குக் காணாது. புதுக்கன்று வேர்பிடித்துப் பூக்க மழை வேண்டும். மழை பெய்து ஏரி நிரம்பினால், மடையைத் திறந்தவனைக் கொல்லும் முகம் எந்த அரசருக்கும் இராது.

இதைப் படித்ததும் தேவரீருக்கு என்மேல் எழும் சினம், வயிரன்மேல் உள்ளதினும் பெரிது என்பது எனக்குத் தெரியும். அதை நம்பியே இதைச் செய்தேன். அம்மாலையை அவனுக்குச் சூட்டினால், நான் மாலையின்றி, தண்டனையின்றி, தேவரீரின் கண்முன் நாள்தோறும் நடமாடுவேன். எனக்குச் சூட்டினால், அவன் மடைக்குத் திரும்புவான். செடிகளை நான் தேர்ந்தேன். கழுத்தைத் தேவரீர் தேர்க.

வயிரனுக்கு மனைவி உண்டு, கைக்குழந்தை உண்டு என்றெல்லாம் எழுதி இரக்கப்போவதில்லை. நல்ல மடைக்காவலன் கிடைப்பது அரிது, அமைச்சர் கிடைப்பர்.

இவ்வோலை கொணர்பவன் எதுவும் அறியான். அவனுக்கு நிழலும் மோரும் தந்து விடையோடு அனுப்புக. விடை வரும்வரை அவ்வரளியில் ஒரு பூவும் பறிக்கலாகாது என்று காவலருக்குக் கட்டளையிட்டுள்ளேன். புன்னைக்கொத்து முத்திரை என் கையால் இடப்பட்டது. குடை நிற்க, குடி நிற்க, சொன்ன சொல் நிற்க.

ஓலையைக் கட்டியிருக்கும் நூலை எறியவேண்டாம். அது சாத்தி என் கழுத்தை அளந்து தந்தது. மெலிந்த கழுத்துத்தான், பூ மிஞ்சும் என்றாள்.