இமையைப் பார்க்காதவனுக்கு நான் போட்ட இரண்டு மார்க்

‘டாக்டரம்மா’ என்று கேலியாகவே கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நேற்று கல்லூரியில் கூட்டம். இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்குப் பாஸ் மார்க் எவ்வளவு என்று முடிவுசெய்ய. “வழக்கம்போல அம்பதுன்னே வச்சிரலாமே மேடம்?” என்றார் துறைத் தலைவர். கதவோரம் களையெடுக்கிற சேலையோடு நீ நின்றாய். நீ போன நாளிலிருந்து எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடுகிறாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே தேர்வில் ஒரு மாணவன். பாம்பு கடித்தவராக நடித்த ஆளைப் பரிசோதிக்க வேண்டும். வணக்கம் சொன்னான், கை கழுவினான், நாடி பார்த்தான். மேலே பார்க்கச் சொல்லி இமை சரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை; விஷம் ஏறுவதை முதலில் காட்டுவது அதுதான். நாற்பத்தெட்டு வந்தது. போனில் உன்னிடம் புலம்பினேன், ஞாபகமிருக்கா?

“பாவம்டி, யாரு பெத்த புள்ளையோ! போட்டு விடேன், உனக்கென்ன கொறஞ்சா போயிடும்?” என்றாய்.

போட்டேன். உன்மேல் பழி போடவில்லை அக்கா. நீ சொல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவோம்.

போன குறுவையில் பூதலூர் வயலில் உன்னைப் பாம்பு கடித்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவன் அவன்தான். “கண்ணு சொருகுது தம்பின்னு சொன்னா. பயத்துல அப்படித்தான் இருக்கும், உக்காருங்கம்மான்னுட்டாரு” என்று அத்தான் அழுதார். அவனைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அவன் தேறியவன் என்று கையெழுத்துப் போட்டது யார்?

நேற்று கடைசியில் பேசிவிட்டேன். உயிர்போகும் இடத்தில் தவறவிட்டால், மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் பாஸ் இல்லை என்றேன். “பாதிப் பேரு ஃபெயிலாவாங்களே மேடம், அது மட்டும் நியாயமா?” என்று ஒரு இளம் டாக்டர் சண்டைக்கு வந்தாள். அவள் கேட்டதும் சரிதான். முதலில் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும், தவறியவர்களுக்கு மறுபடி வாய்ப்பும் தர வேண்டும். சரியான கோடு எங்கே என்று உனக்காவது தெரிகிறதா?

திங்கட்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறேன். நீ என் அக்கா என்று அவனுக்குத் தெரியாது. சொல்வேன், நான் செய்ததையும் சேர்த்து. பிறகு நானே நோயாளி நாற்காலியில் உட்காருவேன். “மேலே பாருங்கம்மா” என்று அவன் வாயால் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னைக் காப்பாற்றாத டாக்டர்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி